மேடத்தின் போனுக்கு வந்த செய்தி

மேடத்தின் தங்கை கல்யாணத்தில், ஃபாதர் மணமக்களிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தபோது மேடத்தின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. முதல் வரிசையில் இருந்தவர் எழுந்து, பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சர்ச்சின் பக்கவாசல் வழியாக வெளியேறினார். ஆபீஸ்காரனாகக் கடைசி வரிசையில் இருந்த நானும் பின்னாலேயே போனேன். பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனியில், ஆளில்லாத அறையில் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி என்ஜின் தானாக நின்றுவிட்டிருந்தது. சென்சார் ஒயர் ஒன்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். செக்யூரிட்டிக்காரரை அந்த அறைக்கு அனுப்பி, போனிலேயே வழி சொல்லி மறுபடி ஓடவிட்டு மேடம் உள்ளே வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

ஆளில்லாமல் என்ஜின் ஓடும் அந்த ஏற்பாட்டைச் செய்தவரே மேடம்தான். முன்பெல்லாம் என்ஜினின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் ஷிப்ட் போட்டு உட்கார்ந்து வெப்பத்தையும் ஆயில் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டிருப்பார்கள். மேடம் எழுதிய புரோகிராம் வந்தபின் கம்ப்யூட்டரே வேகத்தைக் கூட்டியது, குறைத்தது, அளவெடுத்தது. ஏதாவது எல்லை மீறினால் என்ஜினை நிறுத்தி, மேடத்தின் போனுக்குச் செய்தி அனுப்பியது. ஆட்கள் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். என்ஜின் ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது. மேடத்தால் ஊரைத் தாண்டி எங்கும் போக முடியவில்லை. இன்னொருவருக்குக் கற்றுத்தருகிறேன், ஆள் கொடுங்கள் என்று அவர் கேட்கும்போதெல்லாம், "நீங்க இருக்கும்போது வேற யாரு எதுக்கு மேடம்?" என்று பாராட்டுவதுபோலவே சொல்லி அனுப்பினார் மேனேஜர்.

கல்யாணம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே, செய்தி போகும் இடத்தில் மேனேஜரின் எண்ணையும் மேடம் சேர்த்தார். ஒளித்துச் செய்யவில்லை. மேனேஜரின் எதிரில் உட்கார்ந்தே சேர்த்தார்.

"எனக்கு வர்றதெல்லாம் உங்களுக்கும் வரட்டும் சார்."

பிரிவுக்குப் பொறுப்பானவர் என்பதால் வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாளிலேயே ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் நான்.

எனக்கு வேலை பழகியதும் மேடம் ராஜினாமா செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனார். அதன்பிறகு செய்தி போகும் எண்களை மாற்றும் உரிமையை மேலிடம் எடுத்துக்கொண்டது. இப்போது அதில் இருப்பது என் எண் மட்டும்தான். மாமனார் வீட்டு விசேஷங்களுக்கு மனைவியும் மகளும் தனியாகப் போய் வருகிறார்கள்.

சமீபத்தில் மேடம் போன் செய்தார். தன் ஆபீசில் ஒரு இடம் காலி, உடனே வா என்றார்.

"நான் வந்துட்டா இதை யாரு மேடம் பார்ப்பாங்க?" என்றேன்.

அவர் மெதுவாக, "உன்னையும் அப்படி நினைக்க வெச்சுட்டாங்களாப்பா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த இடத்தை எனக்காகச் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். பிறகு வேறு யாரோ சேர்ந்துவிட்டார்.