கண்மாய்க்குள் வந்த முதலை மூக்கு மீன்

மீன்பிடித் திருவிழா பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. திருச்சியில் என்னோடு வேலை பார்க்கும் மகேஸ்வரிக்குப் பொன்னமராவதி பக்கம்தான் ஊர். இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கள் கண்மாயை அழிக்கப் போகிறார்கள் என்றாள். கோடையில் தண்ணீர் குறைந்ததும் எல்லோரும் இறங்கி மீன் பிடிப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சனிக்கிழமையே கிளம்பினோம். புதுக்கோட்டை வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து பொன்னமராவதி ஏறக்குறைய நாற்பது. கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

வழியில் கம்பிவேலி போட்ட பண்ணை ஒன்று வந்தது. ஆட்டோக்காரர் கையைக் காட்டினார்.

"வெளிநாட்டு மீனுங்க. டவுன்லேருந்து கார்ல வந்து தூண்டில் போட்டுப் புடிப்பாங்க. போட்டோ எடுத்துட்டு மறுபடி தண்ணியிலயே விட்ருவாங்க."

"அப்புறம் எதுக்குப் புடிக்கிறாங்க?"

"வெளயாட்டுங்க," என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். சனம் மொத்தமும் கண்மாய்க்குள் பாய்ந்தது. மகேஸ்வரியின் அண்ணன் ராசு ஊத்தாவோடு இறங்கினார். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. தண்ணீரில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கைவிட்டு மீனைப் பிடிப்பார்கள்.

அரை மணி நேரமாகியும் ஒரு விரால் இல்லை, கெளுத்தி இல்லை. "என்னத்தா இது, அயிரை கூட அம்புடல," என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டே ராசு மறுபடி கையை விட்டார். வெளியே எடுத்தபோது கையெல்லாம் ரத்தம்.

கூடைக்குள் கிடந்தது கை நீளத்துக்கும் அதிகமான ஒரு மீன். முதலைக்கு இருப்பதுபோல நீண்ட மூக்கு, வரிசையாகப் பல், ஓடு மாதிரிச் செதில். கண்மாயில் இன்னும் பலரிடமும் அதேதான் சிக்கியது.

படமெடுத்து செல்போனில் தேடினேன். அமெரிக்க ஆற்று மீன். பெரிதாக வளரும், தூண்டிலில் நன்றாகப் போராடும் என்பதற்காகவே பல நாடுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கண்ணில் பட்டதைத் தின்னும். சேற்றுத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கடைசியாக இருந்த வரியை இரண்டு முறை படித்தேன்: இதன் சினை விஷம்.

கரையில் பெண்கள் மீனை அரிந்து சினையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சினை வறுவல் பிள்ளைகளுக்குத்தானே முதலில் போகும்! நானும் மகேஸ்வரியும் கத்திக்கொண்டே ஓடினோம். ராசு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோயில் மைக்கைப் பிடித்தார். "நீள மூக்கு மீனோட சினைய ஆரும் திங்காதீங்க. வெசம். புள்ளைகளுக்குக் குடுத்துராதீங்க."

அதற்குள் பக்கத்துத் தெரு செல்வி வறுத்துச் சாப்பிட்டுவிட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி நிற்கவில்லை. ஆட்டோவில் பொன்னமராவதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம்தான் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார்.

"மகளுக்குச் சூடு ஆறட்டும்னு தட்டுல வச்சிருந்தேன்," என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது ஆட்டோவைப் பண்ணையில் நிறுத்தச் சொன்னேன். மேனேஜர் நிதானமாகவே பேசினார்.

"போன மழைக்குக் கரை ஒடஞ்சு கொஞ்சம் மீன் கண்மாய்க்குப் போயிருச்சு மேடம். ஓனர் மெட்ராஸ்ல இருக்காரு. அதுவும் மீன்தானே, புடிச்சுத் திங்கட்டுமே."

"போனது தெரியும்ல? ஊருக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா எங்களத்தான் வைவாங்க."

அரை நாள் பொழுதுபோக்குக்காக எங்கேயோ இருக்கிற வேட்டை மீனைக் கடல் தாண்டிக் கொண்டுவருவார்களாம். அது தப்பித்தால் ஓர் ஊரே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வேலிக்குள் இருக்கும்வரை அவர்கள் சொத்து, வெளியே வந்தால் மட்டும் நம் தலையெழுத்தா?

அன்று இரவு ஊர் கூடி, மிச்சத் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைத்து அத்தனை மீனையும் அழிப்பது என்று முடிவெடுத்தது. "மாட்டுக்குத் தண்ணி?" என்று ஒருவர் கேட்டார்.

திருவிழாவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பழைய துணி, தொப்பி, குடிதண்ணீர் போதும். பெயர் தெரியாத மீனைத் தொடாதீர்கள், சமைக்காதீர்கள். ஊர்க்காரர்களிடமும் மீன்வளத் துறையிடமும் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு தூண்டில் கொடுக்கும் பண்ணைக்குப் போனால், உள்ளே என்ன மீன் என்று கேளுங்கள். வெளிநாட்டு மீன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். நம் காசில்தான் அடுத்த மீன் வருகிறது.

போன வாரம் மகேஸ்வரி பேசினாள். கண்மாயை முழுக்க வற்ற வைத்துவிட்டார்களாம். மழையில் அதன் உபரித் தண்ணீர் போய்ச் சேர்ந்த கீழ்க் கண்மாயில், அவள் பேசியதற்கு முந்தின நாள் ஒருவரின் தூண்டிலில் நீள மூக்கு மீன் ஏறியிருக்கிறது.