பத்துப் பேருக்குக் குறைந்தால் வெளியே வராது

அரசாங்கத்தின் ரகசியத் தரவை நம்பி ஆராய்ச்சியில் இறங்கியவருக்குப் பொறுமை தானாக வந்துவிடும். வராதவர் வேறு தலைப்பு தேடிக்கொள்வார். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். பீன்யா தொழிற்பேட்டையின் தொழிற்சாலைகளில் விபத்தில் அடிபட்ட பெண்கள் மறுபடி வேலைக்கு வருகிறார்களா என்பது என் தலைப்பு. அந்த விவரம் ஓர் அரசு அலுவலகக் கணினியில் இருந்தது. அது கிடைக்காவிட்டால் எனக்கு டாக்டர் பட்டம் இல்லை.

விண்ணப்பம்

மூன்று முறை திரும்பி வந்தது. காரணம் கேட்கப் போனேன். "என்ன கண்டுபிடிக்கப் போறீங்கன்னு எழுதலையே" என்றார் குமாஸ்தா. உள்ளே விட்டால்தானே சார் தெரியும் என்றேன். விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டியபடி கன்னடம் கலந்து சொன்னார்.

"ஹவுது, நிஜம்தான். அதையே எழுதிக் கொடுங்க. ஆனா ரெண்டு பக்கம் வரணும்."

வாசல்

அனுமதி வந்தது. செல்போன், பேனா, காகிதம் எல்லாவற்றையும் வாசலில் செக்யூரிட்டி கோவிந்தராஜ் அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும். சரிபார்க்காமல் ஓர் எண்கூட வெளியே போகக் கூடாது. நான் கெட்டிக்காரி இல்லையா, ஆறு எண்களை மனப்பாடம் செய்து வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அண்ணன் வழிமறித்து, ஊரிலிருந்து உறவினர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை நாள் தங்குவார்கள் என்று விசாரித்தார். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆறும் போய்விட்டன.

"இப்போ போங்க மேடம். வாயை எந்த லாக்கர்ல வைக்கிறதுன்னு எனக்கு ரூல் கொடுக்கல."

நான்கு பேர்

நான் போடும் அட்டவணைகளைச் சரிபார்த்து வெளியே விடுபவர் ஷீலா மேடம், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் விரல் போய், அதே மெஷினுக்கே திரும்பிய பெண்கள் நான்கு பேர். என் ஆய்வின் உயிரே அந்த வரிதான். பத்துப் பேருக்குக் குறைந்த எண்ணிக்கை வெளியே போகக் கூடாது என்று அடித்துவிட்டார். பெயரே இல்லையே மேடம், யாருக்குத் தெரியப் போகிறது என்று வாதாடினேன்.

"உங்களுக்கு யாரையாவது தெரிஞ்சுதா?" என்றார்.

தெரிந்திருந்தது. வயதும் வேலைக்குச் சேர்ந்த வருடமுமே ஆளை அடையாளம் காணப் போதுமாக இருந்தன. அவர்களில் ஒருத்தி எனக்குச் சொந்தம். தன்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். பதிவில் மூன்றாவது வாரமே அதே மெஷின். அழுகை வந்தது. ஷீலா மேடம் அட்டவணையை மறுபடி திறந்தார்.

"வேற மெஷின்ல விரல் போய்த் திரும்பினவங்களையும் சேர்த்துப் பதினாலு பேரா போடும்மா. அந்த நாலு பேரும் கூட்டத்துல பத்திரமா இருக்கட்டும்."

அப்படியே போட்டேன், பட்டமும் வந்தது, பாயசம் வைத்துக் கொடுத்தவர்களில் அவளும் உண்டு. யாரென்று உங்களிடமும் சொல்லாமலிருக்கத்தான் இத்தனை வருடம் படித்திருக்கிறேன்.