இறந்தவனுக்கு எழுதிய ஐந்து கடிதங்கள்

இறந்துபோன ஒருவனுக்கு ஐந்து கடிதங்கள் எழுதினேன். அவன் இறந்தது தெரிந்தே எழுதினேன். அவன் மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு கட்டுரைக்காக...

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திண்டிவனத்தில் ஆசிரியை வேலை. எங்கள் தெருவிலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களை, ஜப்பான்காரன் சயாம் காட்டில் ரயில் பாதை போட இழுத்துப்போனான் என்று சண்டை முடிந்த மறு வருஷம் காதில் விழுந்தது. எத்தனை பேர் மாண்டார்கள்? எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. கூலிக்காரன் சாவை யார் எழுதுவார்கள்? நான் எழுதுவேன் என்று கிளம்பினேன். அந்தச் செருக்கு இன்னும் போகவில்லை.

ஆவணியில், உயிரோடு திரும்பிய சின்னப்பன் என்பவரை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தேன். காய்ச்சலில் கிடந்தபடி மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினார். காலரா கண்டவர்களை ஒரு குடிசையில் தள்ளி, மூச்சு இருக்கும்போதே தீ வைத்தார்களாம். உள்ளே கிடந்தவர்களில் எங்கள் தெரு அஞ்சலையக்காவின் புருஷன் கோவிந்தனும் ஒருவன்.

"என் கண்ணால பாத்தேம்மா. அந்தப் பொண்ணாண்ட நீயே சொல்டு. எனக்கு வாய் வரல" என்றார்.

சரி என்றேன். அடுத்த மாதம் அவரும் போய்விட்டார்.

நான் சொல்லவில்லை.

மாதாமாதம் அக்காவுக்காகத் தோட்டத்து விலாசத்துக்குக் கடிதம் எழுதுவது நான்தான். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். உறைமேல் நானே எழுதிக்கொள்வேன். முடித்ததும் காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவாள். எங்க டீச்சரம்மா எழுத்தைப் பார்த்தால் அந்த மனுசன் பயந்துகொண்டு கப்பலேறிவிடும் என்று சிரிப்பாள். அவன் கேப்பைக் களி உருட்டும் விதம், சண்டை போட்டுவிட்டுப் புறப்பட்ட விதம், எல்லாம் சொல்வாள். வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் குறித்துக்கொள்வேன்.

சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும்... காத்திருக்கும் மனைவி என் கட்டுரைக்கு வேண்டியிருந்தாள்! இன்னும் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் என்று தை வரை ஓட்டினேன். மஞ்சள் காயாத கடிதங்களை நானே தபால் பெட்டியில் போட்டேன். கை கூசவில்லையா? முதல் தடவை கூசியது.

மாசியில், விழுப்புரத்து மாதப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. அச்சில் என் பெயரைப் பார்த்த பிறகுதான் அவளிடம் போனேன். படித்துக் காட்டினேன். நேராகச் சொல்லக்கூட இல்லை, படித்துக் காட்டினேன்!

அவள் அழவில்லை. மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"இது எப்பத்திலிருந்து தெரியும் உனுக்கு?"

"ஆவணியிலேயே தெரியும்க்கா."

"பொறவு பொங்கலுக்கு லெட்டர் எழுதுனியே? செத்த ஆளுக்கு மஞ்ச தடவி யாராச்சும் லெட்டர் போடுவாங்களா? படிச்ச பொண்ணு, நீ அந்தப் பாவம் பண்ணமாட்ட. எவனோ பொய் சொல்லி உன்னைப் பேஜாரு பண்ணிக்கினு கீறான்."

நான்தான் பண்ணினேன் என்று காலைப் பிடித்தேன். நம்பவில்லை. சின்னப்பனைக் கேள் என்று சொல்ல, அவரும் இல்லை. கோவிந்தன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு என் கடிதங்களே சாட்சி ஆகிவிட்டன...

கருமாதி பேச வந்த கொழுந்தனை விரட்டிவிட்டாள். நெருப்பில் போன அந்த மனிதனுக்கு இன்றுவரை ஒருவரும் எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை.

இனி எழுதமாட்டேன் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பினாங்குக் கப்பல் நாகப்பட்டினத்துக்கு வருகிறது என்று யாரோ சொல்ல, போன வாரம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு ரயிலேறினாள். வழியனுப்பப் போயிருந்தேன்.

"எறங்குறவங்க பேரெல்லாம் எழுதி ஒட்டுவாங்களாம். நீயும் வந்தீன்னா படிச்சுச் சொல்லுவ" என்றாள்.

பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன்.

கோடை விடுமுறை விட்டு அன்றோடு எட்டு நாள் ஆகியிருந்தது.