தரையில் வெந்த மாவு

நான் குடியேறிய குளிர்நாட்டில், ரொம்மன் என்ற பகுதியில், என் வீட்டுக் குளியலறைத் தரைக்கடியில் சூட்டுக் கம்பிகள் ஓடுகின்றன. வெளியே மைனஸ் பதினைந்து. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா உள்ளே காலை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கீழ என்னடி எரியுது?"

பின்னாளில் ஜார்க்கண்ட் ஆகிவிட்ட பழைய பீகாரில், நிலக்கரிக் காலனி ஒன்றில் நான் வளர்ந்தேன். அப்பா சுரங்க சர்வேயர். பூமிக்குள் நிலக்கரி பல வருடங்களாக எரிந்துகொண்டிருந்தது. தெரு வெடிப்புகளில் புகை வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காலனிக்கு ஒன்றும் ஆகாது என்றது ஆபீஸ். அப்பாவும் அதையே சொன்னார். குளிர்காலத்தில் புளிக்காத இட்லிமாவு சமையலறை மூலையில் வெதுவெதுப்பான தரையில் வைத்தால் பொங்கிவிடும் என்பதில் அம்மாவுக்குச் சந்தோஷம்கூட.

ஒரு காலையில் மூடியைத் திறந்தாள். மேலே மாவு, அடியில் வெந்த இட்லி.

பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தாள். மேனேஜரின் காகிதங்கள் மேலேயே அதை வைத்தாள். தெரிந்த அரைகுறை இந்தியில், "அடுப்பில் வைக்கவில்லை, தரையில் வைத்தேன்" என்றாள். அவர் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் வேறு வீடு தருவதாகச் சொன்னார்.

"இன்னிக்கு" என்றாள் அம்மா.

சாயங்காலமே லாரி வந்தது. அடுத்த மழையில் எங்கள் வீட்டு வரிசை மண்ணுக்குள் போனது. பிறகு ஊரே காலியானது.

"கரன்ட் கம்பிம்மா" என்றேன், குளியலறை வாசலில் நின்ற அம்மாவிடம்.

"அணைக்க முடியுமா?"

"சுவிட்ச் இருக்கும்மா."

தானே தேடி அணைத்தாள். பிறகு குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். அது ஆறும்வரை எடுக்கவில்லை.