மலையிலிருந்து சாப்பிட வந்த பெரியம்மா

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்கு மதுரையில் பெரிய ஆபரேஷன் நடந்தது. குடலில் புற்று. ஆசனவாயை அடைத்துவிட்டு, இடப்பக்க வயிற்றில் மலம் போக ஒரு வழி வைத்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஆயுசுக்கும் அப்படித்தான். இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் அம்மாவுக்கு வயிற்றில் புண், மேலே ஏறி விழக்கூடாது என்பதுதான். ராத்திரியில் பக்கத்தில் படுக்கவும் விடவில்லை.

போடிக்குத் திரும்பிய அம்மா எங்களுக்குச் சமைத்துப் போட்டாள், தான் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் பை நிறையும், நிறைந்தால் வாடை வரும் என்ற பயம். காலையில் அரை டம்ளர் கஞ்சி, ராத்திரி இரண்டு பிஸ்கட். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போயின. வாசலுக்குக்கூட வருவதில்லை. ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த அப்பா கெஞ்சியும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். கடைசியில், ஆஸ்பத்திரியில் பை மாற்றக் கற்றுக்கொடுத்த நர்சம்மாவுக்குப் போன் செய்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டிலிருந்து ஒரு பெரியம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஏலக்காய் பறிக்கிறவர். எங்களுக்குச் சொந்தமில்லை. நர்சம்மா அனுப்பியவர் என்று அப்பா சொன்னதால், ஊசி போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பீரோவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவரோ வந்ததும் கை கழுவிவிட்டு, "கறிக்கொழம்பு வாசம் தெருமுக்கு வரைக்கும் வருது. இலையப் போடு தங்கச்சி" என்றார்.

அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவசரமே இல்லாமல், நன்றாக மென்று, முதலில் குழம்பு, பிறகு ரசம், மறுபடியும் குழம்பு. எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஈரலும் அவர் இலைக்குப் போனது. போதுமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டபோதெல்லாம் "சாரமில்ல, வையி" என்றார். பரவாயில்லை என்பதை மலையில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்துவிட்டு என்னை இழுத்து மடியில் உட்கார வைத்தார். சேலைக்குள் பிளாஸ்டிக் தாள் கசங்குவதுபோல் ஏதோ சரசரத்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈரலையும் தின்றுவிட்டு, இடுப்பில் ஒரு பொட்டலத்தை வேறு ஒளித்து வைத்திருக்கிறார்.

"அம்மா, இவங்க தீனி ஒளிச்சு வச்சிருக்காங்க" என்று போட்டுக்கொடுத்தேன்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மா அசரவில்லை.

"தீனிதான் ஆத்தா. ஆனா ஏற்கெனவே தின்ன தீனி."

அம்மா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது.

பிறகு இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் காதை வைத்துக் கேட்டேன். கத்தரிக்கோல் சத்தம். ஓட்டையை அளவு பார்த்து வெட்ட வேண்டும், பெரிதாகிவிட்டால் சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிடும், மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே கொட்டிவிட வேண்டும், எங்கே போனாலும் மாற்றுப் பை ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். தையல் சொல்லிக் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று நான் திரும்பிவிட்டேன்.

வெளியே வந்த அம்மா, யாரும் சொல்லாமலே தட்டெடுத்துச் சோறு போட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். உள்ளே வந்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று அங்கேயே நின்றார்.

சாயங்காலம் ஜீப் நிற்கிற இடம்வரை வழியனுப்ப அம்மாவும் வந்தாள். எஸ்டேட் ஆட்கள் நெருக்கியடித்திருந்த ஜீப்பில், பெரியம்மா ஒரு கையால் இடுப்பைப் பொத்திக்கொண்டு ஏறினார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. நான் கையாட்டவில்லை.

அடுத்த மாதம் அம்மா பஸ் ஏறித் தேவாரத்துச் சித்தி வீட்டு விசேஷத்துக்கே போய்வந்தாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள், பேச்சுவாக்கில் அந்தப் பெரியம்மாவைப் பற்றி அம்மா சொன்னாள்.

"ஜீப்பு ஏறுற அன்னைக்கு அவுக வாயில பச்சத்தண்ணி படாதுடி. வளைவுல குலுங்கிப் பை கழண்டுருமோன்னு வருசக்கணக்கா பயம். அன்னைக்கு எனக்காகத் தின்னுட்டு, அப்படியே மலையேறுனாக."

எட்டு வயதில் நான் கண்டதெல்லாம், அவருக்கு ரொம்பப் பசி என்பதுதான்.