பூட்டாத பட்டியல்

அன்று மலேசியாவின் பாடாங் மேஹாவில் காண்ட்ராக்டரின் வீட்டு முன்கூடத்தில் இருந்தது நாலே பேர்: காண்ட்ராக்டர், செம்பனைக் குலை வெட்டும் அண்ணன், கூடவே உதிரிப்பழம் பொறுக்கும் அவர் மனைவி அக்கா, மடியில் லேப்டாப்போடு நான். மற்ற ஆறு பேரும் காலையிலேயே சம்பளம் வாங்கிப் போய்விட்டார்கள்.

சம்பளக் கணக்கு ப்ரோகிராம் என் கைவேலை. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். தொழிற்சாலை ஷிஃப்டுக்கு நடுவே வீடியோ பார்த்துக் கற்றது.

அக்கா நாட்காட்டித் தாள்களை நீட்டினார். அண்ணன் தினமும் வெட்டிய குலைகளின் எண்ணிக்கை அதில் இருந்தது. கூட்டினால் ஆயிரத்து நூற்று நாற்பது. என் திரையில் அண்ணன் பெயருக்கு அறுநூற்றுத் தொண்ணூறு. குலைக்கு ஒரு வெள்ளி இருபது காசு; குறைவது ஐந்நூற்று நாற்பது வெள்ளி. பட்டறையில் கிடக்கும் அண்ணனின் மோட்டார் சைக்கிளை மீட்கத்தான் அந்தப் பணம். அது இல்லாமல் தோட்டத்துக்குப் போக வழியில்லை.

தேடினேன். ஆயிரத்து நூற்று நாற்பது இருந்தது, முதல் பெயருக்கு நேரே.

யார் அதிகம் வெட்டியது என்று காட்டச் சொல்லி காண்ட்ராக்டர் கேட்டிருந்தார். எண்களின் பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்து, அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். புதுப் பெயர் வைத்தால் புதுப் பட்டியல் ஆகிவிடும் என்று நம்பினேன். அது அதே பட்டியல்தான். நடுவில் ஐந்து பேரின் எண்கள் ஏற்கெனவே அந்த வரிசையில்தான் இருந்தன; முதல் எண்ணும் கடைசி எண்ணும் இடம் மாறின. ஆட்களின் பெயர்கள் தனிப் பட்டியலில் நின்ற இடத்திலேயே நின்றன. கடைசிப் பெயர் அண்ணனுடையது. எண் இருக்கும் இடத்தில் எழுத்தைப் போட்டிருந்தால் அந்த ப்ரோகிராம் மொழி அப்போதே மறுத்திருக்கும். யாருடைய எண் என்று அது கேட்கவில்லை. ஒருமுறை எழுதினால் மாற்றவே விடாத பட்டியலும் உண்டாம். பிறகுதான் படித்தேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஒவ்வொரு குலைக் காம்புலயும் எங்க நம்பர எழுதித்தான் தம்பி வெக்கிறோம். நம்பரும் குலையும் பிரியாது. உங்க பொட்டியில எப்படிப் பிரிஞ்சிச்சு?"

காம்பைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால், குலைகள் எப்போதோ எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டன.

"குடுத்தாச்சு லா," என்றார் காண்ட்ராக்டர். "உன் மெஷின் சொன்னதத்தான் குடுத்தேன். ரெண்டு தடவ குடுக்க நான் என்ன பேங்கா?"

முதல் பெயர்க்காரர் பாலிங் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். கைப்பேசியை எடுப்பதில்லை. வேறு வழி தெரியாமல், நானே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எந்தப் பட்டியலைத் தொட்டாலும் முதலில் மாற்ற முடியாதபடி பூட்டுகிறேன். பூட்டினேனா என்று மறுபடி திறந்து பார்க்கிறேன். பட்டறைக்காரர் முழுப் பணம் வந்தால்தான் மோட்டாரை விடுவாராம். அண்ணன் நடந்தே வேலைக்குப் போகிறார். ஐந்நூற்று நாற்பதில் இருநூறு கொடுத்திருக்கிறேன். பாக்கி முந்நூற்று நாற்பது வெள்ளி.