நண்டு பார்த்த சுவர்

எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலைக் கொட்டுகிற கம்பெனிக்கு, தன் மதில் சுவரில் மட்டும் முகத்துவாரம் அழகாக இருக்க வேண்டுமாம். வரைய வந்தவர் தண்டையார்பேட்டைக்காரர். தாடியெல்லாம் பெயின்ட், சட்டையின் முன்பக்கமெல்லாம் சேறு. பிரஷைத் தொடும் முன் தினமும் கரையில் குப்புறப் படுத்து, தாடையைச் சேற்றில் வைத்து முகத்துவாரத்தைப் பார்ப்பார். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த நாங்கள் சிரித்தோம்.

படம் முடிந்ததும் சிரிப்பு நின்றது. சுவரின் அடியில் ஒரு நண்டு. அதற்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடம் முழுக்க, சாம்பல் கக்கும் குழாயின் வாய்.

கம்பெனி அதிகாரி கத்தினார். "என்னய்யா இது? ஒரு மனுஷனைக்கூடக் காணோம்!"

"நல்லா பாரு சார், கீறான். அந்தப் பைப்ப நண்டா கொணாந்து வச்சிச்சு?"

மறுநாளே வெள்ளையடித்து, 'இயற்கையைக் காப்போம்' என்று பச்சையில் எழுதிவிட்டார்கள். வெட்கங்கெட்ட ஜன்மங்கள். வரைந்த மனிதரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

நின்றபடியே வேலை வாங்கிய அதிகாரி குனிந்து பார்க்கவில்லை. தரையை ஒட்டி ஒரு சாண் சுவர் வெள்ளை படாமல் தப்பிவிட்டது. அங்கிருந்து அந்த நண்டு இன்னும் எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறது.